பாத்திரம் அறிந்து...

அம்பிட்டியவில் மாலை மழை தொடங்கிவிட்டால் இலேசில் விடுவதில்லை. அப்படியொரு மாலையிலே என் மகள் தமிழ்ப் பாடக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, பழமொழிகளுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தாறு பழமொழிகளை விரைவாக எழுதி முடித்தவள் ஒன்றில் மட்டும் தடைப்பட்டு நின்றாள்.

“அப்பா, ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்றால் என்ன? பிச்சை கேட்டு வருகிறவருடைய பாத்திரம் ஓட்டையா, நல்லதா என்று பார்த்துப் போட வேண்டும் என்பதா?”

குசினியில் இரவுச் சமையலுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. “இல்லையம்மா, இங்கே பாத்திரம் என்றால் தகுதி. தகுதியுடையவனா என்று அறிந்து கொடு என்பது பொருள்” என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பள்ளிக்கூடத்திலே எத்தனையோ ஆண்டுகளாக நான் கொடுத்து வரும் விடை அதுதான். ஆயினும் அவளுடைய அடுத்த கேள்வி என்னை நிறுத்திவிட்டது.

“குசினியிலே கழுவி வைக்கிற சாமானுக்கும் தகுதிக்கும் என்ன சம்பந்தம்?”

நல்ல கேள்வி. நாள்தோறும் பத்துத் தடவையாவது நம் வாயில் வருகிற சொல் இது. ‘பாத்திரம் கழுவியாயிற்றா?’, ‘பாத்திரத்தை மூடி வை’, ‘பாத்திரக் கடை’ என்றெல்லாம் பேசுகிறோம். அதே வாயால், ‘நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்’ என்றும் ‘நாடகப் பாத்திரம்’ என்றும் பேசுகிறோம். ஒரே சொல் அடுப்பங்கரையிலும் நிற்கிறது, அரங்கிலும் நிற்கிறது, மனிதனுடைய தராதரத்தை அளக்கும் இடத்திலும் நிற்கிறது. இது எவ்வாறு நேர்ந்தது? சற்றே ஆராய்வோம்.

அடுக்களையின் சொற்கள்

முதலில் நம் அடுக்களையைச் சுற்றிப் பார்ப்போம். அங்கே அடுக்கி வைத்திருக்கும் கலங்களின் பெயர்களே ஒரு சரித்திரப் புத்தகம் எனலாம். பானை, சட்டி, குடம், தாழி, வட்டில் என்பன தமிழில் நெடுங்காலமாக வழங்கும் பெயர்கள். கோப்பையும் பீப்பாயும் போர்த்துக்கேயரோடு வந்து தங்கிவிட்ட விருந்தாளிகள். அவர்கள் கொண்டு வந்த சொற்களுள் ஒன்றுதான் நாம் சமையலறைக்கு வழங்கும் ‘குசினி’யும். பீங்கான் என்பதோ பாரசீகத்திலிருந்து வந்தது. சிங்களத்திலே ‘பிங்கான’ என்றும், மலாய் மொழியிலே ‘பிங்கான்’ என்றும் உணவுத் தட்டுக்குப் பெயராக அது வழங்குகிறது. ஆகவே கண்டியில் தமிழரும் சிங்களவரும் மலாயரும் ஒரு பந்தியில் அமர்ந்தால், தட்டைக் கேட்பதற்கு மூவருக்கும் ஏறக்குறைய ஒரு சொல்லே போதும்.

பழந்தமிழர் இவை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்த பெயர் ‘கலம்’. உண்பதற்கு உரியது உண்கலம்; பூணுவதற்கு உரியது அணிகலம்; போருக்கு உரியது படைக்கலம்; கடலில் செல்வது மரக்கலம். பன்னிரண்டு மரக்கால் கொண்ட தானிய அளவுக்கும் கலம் என்றே பெயர். புறநானூற்றின் 256ஆம் பாடலிலே, கணவனை இழந்த ஒரு பெண் கலம் வனையும் குயவனை நோக்கி, இறந்தவனுக்காகச் செய்யும் தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாகச் செய்துதருமாறு வேண்டுகிறாள். வீட்டுக் கலத்தின் பெயரிலே இத்தனை பெரிய துயரத்தை அடக்கியவர் நம் புலவர்.

‘ஏனம்’ என்றும் ஒரு சொல் உண்டு. ஏனம் கழுவுதல் என்று தமிழகத்தின் சில பகுதிகளில் இன்றும் சொல்வர். இலக்கியம் கற்கும் மாணவர்கள் இச்சொல்லைக் கேட்டு நகைப்பதுண்டு. ஏனெனில் இலக்கியத்தில் ஏனம் என்றால் பன்றி!

இவ்வீட்டுச் சொற்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கடற் கரையிலே, எகிப்து நாட்டின் குசைர் அல்-கதீம் என்னும் பழைய துறைமுகத்தில் மண்கல ஓடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன்மேல் தமிழ்ப் பிராமி எழுத்திலே ‘பானை ஒறி’ என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்தார். 2007ஆம் ஆண்டு இச்செய்தி வெளியாயிற்று. எழுத்தின் காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு எனக் கணிக்கப்பட்டது. ஒறி என்பது நம் பாட்டிமார் தயிர்ப் பானையைத் தொங்கவிடும் உறியே. எவரோ ஒரு தமிழர் கடல் கடந்து சென்ற இடத்திலும், தம் உறிப்பானையின் மேல் அதன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்!

இத்தனை சொற்கள் இருந்தும், இன்று பொதுப்பெயராக நம் நாவில் நிலைத்திருப்பது பாத்திரமே.

குடிப்பதற்கு ஒரு கருவி

பாத்திரம் வடமொழிச் சொல். ‘பா’ என்னும் வினையடிக்குக் குடித்தல் என்பது பொருள். பானம், பானகம் என்பனவும் அவ்வடியிலிருந்து பிறந்தவையே. அதனோடு ‘த்ர’ என்னும் விகுதி சேர்ந்து ‘பாத்ர’ ஆயிற்று. இந்த விகுதி, ஒரு செயலைச் செய்வதற்கான கருவியை உணர்த்துவது. ஆகவே பாத்திரம் என்பதன் முதற்பொருள் குடிப்பதற்குரிய கருவி, அதாவது குடிகலம்.

மாணவர்கள் இவ்விகுதியை நினைவில் வைத்துக்கொண்டால் வேறு பல சொற்களின் பூட்டும் திறந்துகொள்ளும். நம்மை வழிநடத்திச் செல்வது நேத்திரம், அதாவது கண். உடுத்துவதற்கானது வஸ்திரம். எறிவதற்கானது அஸ்திரம். துதிப்பதற்கானது தோத்திரம். நினைப்பதற்கானது மந்திரம். கற்பித்து நெறிப்படுத்துவதற்கானது சாஸ்திரம். இந்த வரிசையிலே அடக்கமாக ஓர் ஓரத்தில் நிற்கிறது, தண்ணீர் குடிப்பதற்கான பாத்திரம்.

இந்தச் சொல்லுக்கு ஐரோப்பாவிலும் உறவினர் உண்டு. இலத்தீன் மொழியிலே குடிகிண்ணத்துக்குப் ‘போகுலும்’ என்று பெயர். அதுவும் இதே மூலத்திலிருந்து பிறந்ததே. அறிஞர் கூடி ஆராயும் கூட்டத்தை ஆங்கிலத்தில் ‘சிம்போசியம்’ என்கிறார்களே, அந்தக் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் ‘சேர்ந்து குடித்தல்’ என்பதாகும். அதிலும் இதே வேர் ஒளிந்திருக்கிறது.

ஆக, என் மகள் சொன்னது முற்றும் பிழையன்று. சொல்லின் பிறப்பை நோக்கினால் பாத்திரம் என்பது கையில் ஏந்தும் கலம்தான். தகுதி என்பது பின்னர் வந்து ஏறிய பொருள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழமொழியின் மறுபாதி ‘கோத்திரம் அறிந்து பெண் கொடு’ என்பது. கோத்திரம் என்றால் இன்று குலவழி. ஆனால் வேதகாலத்தில் அது பசுக்களைக் காத்து அடைத்து வைக்கும் தொழுவத்தைக் குறித்தது. ஆதியில் ஒன்று மாட்டுக்குரிய அடைப்பு; மற்றது தண்ணீருக்குரிய கலம். இரண்டும் வீட்டுப் பொருள்கள். இன்று ஒன்று மனிதனுடைய பிறப்பை அளக்கிறது. மற்றது அவனுடைய தகுதியை அளக்கிறது. பொருள்களுக்கு வைத்த பெயர்களை மனிதரை நிறுக்கும் தராசுகளாக நாம் மாற்றிவிட்டோம்!

கலத்திலிருந்து மனிதனுக்கு

இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது? ஒரு கலத்தின் இயல்பு, இடுவதை ஏற்றுத் தாங்குவது. ஓட்டைக் கலத்தில் ஊற்றிய பால் நில்லாது. அழுக்குக் கலத்தில் ஊற்றிய பால் திரிந்துவிடும். அதுபோலவே கல்வியையோ கொடையையோ பெறுகிறவனும் அதைத் தாங்கிப் பயன்படுத்தக் கூடியவனாக இருக்க வேண்டும் என்று முன்னோர் எண்ணினர். பெறுகிறவனைக் கலமாக உருவகித்தனர். நாளடைவில் உருவகம் மறைந்து, தகுதி என்னும் பொருள் மட்டும் நின்றது. தகுதியுடையோன் சற்பாத்திரம் ஆனான்; இல்லாதவன் அபாத்திரம் ஆனான்.

நாடகத்தில் வரும் பாத்திரமும் இவ்வாறு பிறந்ததே. கவிஞன் வார்க்கும் சுவையை ஏந்தி வந்து அவையினருக்கு அளிப்பவன் நடிகன். காஷ்மீரத்து அபிநவகுப்தர் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய உரையிலே இதற்கு அழகான விளக்கம் ஒன்று தருகிறார். மதுவைத் தாங்கும் கிண்ணம் அதைச் சுவைப்பதில்லை, குடிப்பவனே சுவைக்கிறான். நடிகனும் அப்படியே, ஆதலால்தான் அவனுக்குப் பாத்திரம் என்று பெயர் என்கிறார் அவர்.

எங்கள் அம்பிட்டியவில் பெயர்பெற்ற குருமடம் ஒன்று இருக்கிறது. பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1893இல் இந்தியா முழுவதற்குமாக அமைத்தது அது. அந்தப் பாப்பிறைக் குருமடம் 1955இல் இந்தியாவின் பூனா நகருக்கு மாற்றப்பட்ட பின்னர், இங்கே இலங்கையின் தேசிய குருமடம் நடைபெற்று வருகிறது. அந்த வழியாக நடந்து செல்லும்போது, தமிழ் விவிலியத்திலும் இச்சொல் படும் பாட்டை நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் ஆண்டவருடைய இராப்போசனத்தைப் பற்றிய பகுதி வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலே, ஒரே வசனத்தில் குடிகிண்ணத்துக்குப் பாத்திரம் என்றும், தகுதியின்றி அதில் பருகுவதற்கு ‘அபாத்திரமாய்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். சொல்லின் பிறந்த பொருளும் வளர்ந்த பொருளும் ஒரே வரியில் சந்தித்துக்கொள்கின்றன.

கண்டியும் ஒரு பாத்திரமும்

கண்டியில் வாழ்வோருக்கு இச்சொல் இன்னொரு வகையிலும் அறிமுகமானது. சிங்களத்திலே ‘பாத்ரய’ என்றால் எல்லாச் சமையற் கலங்களையும் குறிக்காது; முதன்மையாகப் பிக்குமார் ஏந்தும் பிட்சா பாத்திரத்தையே குறிக்கும். நாம் குசினியில் வைத்திருக்கும் சொல்லை அவர்கள் விகாரையில் வைத்திருக்கிறார்கள்.

தலதா மாளிகையில் உள்ள புனித தந்தத்தை அறியாதார் இலர். ஆனால் முற்காலத்தில் அதனோடு சேர்த்துப் புத்தர்பிரானின் பிட்சா பாத்திரமும் அரசுரிமையின் அடையாளமாகப் போற்றப்பட்டது என்பதைப் பலர் அறியார். 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு, உறுகுணையிலிருந்த அரசி சுகலையிடமிருந்து இவ்விரண்டையும் பெறுவதற்காகப் படை அனுப்பிப் போரிட்டான். அதற்கு வெகு காலத்துக்கு முன், வட்டகாமினி மன்னன் காலத்தில் படையெடுத்து வந்த தமிழர் எழுவருள் ஒருவன், அநுராதபுரத்திலிருந்த அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மனநிறைவோடு அக்கரைக்குத் திரும்பிவிட்டான் என்று மகாவம்சம் கூறுகிறது. பொன்னையும் மணியையும் விட ஒரு பிச்சைக் கலம் அவனுக்குப் பெரிதாகத் தோன்றியிருக்கிறது!

சூளவம்சம் கூறும் செய்தி இன்னும் சிந்தனைக்குரியது. முதலாம் உபதிஸ்ஸன் காலத்தில், அதாவது கி.பி. 4ஆம் நூற்றாண்டளவில், நாட்டைப் பஞ்சம் வாட்டியது. மன்னன் பொன்னாலே புத்தர் சிலையொன்று செய்வித்தான். அதன் கைகளிலே அந்தக் கற்பாத்திரத்தை நீர் நிரப்பி வைத்துத் தேரில் ஏற்றினான். பிக்குமார் சூழ்ந்துவர, நகரெங்கும் ஊர்வலம் போயிற்று. மழையும் பொழிந்தது என்பது வரலாறு. பசி வந்தபோது மக்களின் நம்பிக்கை வாளை நாடவில்லை. ஒரு பாத்திரத்தை நாடிற்று.

ஒருவனுக்காக நிறையாத பாத்திரம்

பசியையும் பாத்திரத்தையும் பற்றித் தமிழ் பேசிய பேச்சு மணிமேகலையிலே இருக்கிறது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனாரின் அக்காப்பியத்தில் ‘பாத்திரம் பெற்ற காதை’, ‘பாத்திர மரபு கூறிய காதை’, ‘பாத்திரங் கொண்டு பிச்சை புக்க காதை’ என்று மூன்று காதைகளுக்கு இச்சொல்லே தலைப்பில் நிற்கிறது. நம் வீட்டுப் பாத்திரத்துக்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேறெங்கே கிடைத்தது?

அமுதசுரபியின் கதை மணிமேகலையோடு தொடங்குவதன்று, ஆபுத்திரனோடு தொடங்குவது. தாயால் கைவிடப்பட்டு, பசு பால் சுரந்து காத்த பிள்ளை அவன். வேள்விக்கென்று கட்டப்பட்ட பசுவை அவிழ்த்துவிட்ட குற்றத்துக்காக ஊரார் அவனை விலக்கினர். அவன் பிறப்பையும் இகழ்ந்தனர். பிச்சை கேட்டு அவன் நீட்டிய கலத்தில் சோற்றை இடாமல் கல்லை இட்டனர். பாத்திரம் அறிந்து பிச்சையிட்டவர்கள் அவர்கள்! அவனுடைய கோத்திரத்தையும் விசாரித்து, அபாத்திரம் என்று தீர்ப்பளித்துத்தான் கல்லை இட்டார்கள்.

அவன் மதுரைக்குச் சென்றான். அங்கே வீடு வீடாக இரந்து பெற்றதைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயாளர் எல்லோரையும் அழைத்து முதலில் உண்பித்தான். மிஞ்சியதைத் தான் உண்டான். அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். ஒரு மழையிரவிலே பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் வருந்தியபோது, சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தாள். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் அது.

இந்திரன் இதைப் பொறுக்கவில்லை. பாண்டிய நாட்டிலே மழையைப் பொழிவித்து வளத்தைப் பெருக்கினான். பசித்து வருவார் இல்லாதாயினர். பசித்தோரைத் தேடி ஆபுத்திரன் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். வழியிலே மணிபல்லவத் தீவில் இறங்கியவனை அறியாமல் கப்பல் விட்டுச் சென்றது. அத்தீவு நம் நயினாதீவே என்று கருதுவோர் உளர். அங்கே ஊட்டுவதற்கு ஒருவரும் இல்லை. கையில் குறையாத அமுதசுரபி இருந்தது. தான் ஒருவன் மட்டும் உண்டு உயிர்வாழ அவனுக்கு மனம் இசையவில்லை. ஆண்டுக்கொரு முறை தோன்றி, அருள் உள்ளம் உடையவர் கையைச் சேர்வாயாக என்று சொல்லி, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

வைகாசிப் பூரணையிலே அது மணிமேகலை கைக்கு வந்தது. கற்பிற் சிறந்த ஆதிரை முதற்பிச்சை இட்டாள். அதன்பின் ஆறாப் பசியுடைய காயசண்டிகையின் பசி தீர்ந்தது. சிறையிலே வாடியோரின் பசியும் தீர்ந்தது. சிறைக்கோட்டமே அறக்கோட்டமாயிற்று. உண்ண வந்தவர் எவரையும் மணிமேகலை ‘நீ பாத்திரமா?’ என்று கேட்டதாகச் சாத்தனார் சொல்லவில்லை. பசி ஒன்றே அங்கே கேட்கப்பட்டது.

அப்படியானால் பழமொழி பிழையா? அவ்வாறு எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. ஏமாற்றுவோனுக்கும் தீயவழியில் செலவிடுவோனுக்கும் வாரியிறைப்பது அறமாகாது. பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயமும் இடமும் காலமும் பாத்திரமும் அறிந்து கொடுப்பதையே சாத்துவிக தானம் என்கிறது. ஆனால் நாம் மறந்துபோகும் பகுதியும் அங்கேயே இருக்கிறது. மரியாதையின்றி, இகழ்ச்சியோடு கொடுப்பதையும் அது தாமத தானம் என்றே கடிகிறது. வாங்குகிறவனுடைய பாத்திரத்தைச் சோதிக்கும் அதே சுலோகங்கள், கொடுக்கிறவனுடைய மனத்தையும் சோதிக்கின்றன. வள்ளுவரோ ஈகை அதிகாரத்தின் முதற் குறளிலேயே, இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் கொடை. மற்றவை பயனை எதிர்நோக்கிக் கொடுப்பவை என்று வரையறுத்துவிட்டார். அவருக்கு வறுமையே போதுமான பாத்திரம்.

இறவாணத்தில் தொங்கிய பேணி

இவற்றையெல்லாம் வகுப்பிலே சொல்லும்போது என் மனத்தில் ஒரு பேணி வந்து தொங்கும். அதைப் பற்றி இதுவரை நான் எவருக்கும் சொன்னதில்லை.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என் அப்பாயியின் வீடு ஒரு தேயிலைத் தோட்டத்திலே இருந்தது. விறகு பிளக்க ஒரு முதியவர் வருவார். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று, டின்பால் வந்த வெறும் பேணி ஒன்றை இறவாணத்து ஆணியிலே தொங்கவிட்டிருந்தார்கள். அவரே அதை எடுத்து, கழுவி, நீட்டுவார். அப்பாயி சற்று உயரத்திலிருந்து ஊற்றுவாள். அவள் கல்நெஞ்சக்காரி அல்லள். அவருடைய தேநீரில் சீனி குறையாது. மீன்குழம்பு வைத்த நாளில் அவருக்கும் ஒரு பங்கு போகும். ஆனால் அந்தப் பேணி மட்டும் வீட்டுக்குள் வராது.

ஒருநாள் அப்பாயி கோயிலுக்குப் போயிருந்தாள். தேநீர் கொடுக்கும் பொறுப்பு ஒன்பது வயதுச் சிறுவனாகிய என்னிடம் வந்தது. நான் வீட்டிலிருந்த பித்தளை டம்ளரில் தேநீரை ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து சென்று இறவாணத்திலிருந்த பேணியை எடுத்து வந்தார்.

“வேணாஞ் சாமி. இதிலேயே ஊத்துங்க. நாளைக்கும் நான் வரணும்.”

நான் ஊற்றினேன். சற்று உயரத்திலிருந்தே ஊற்றினேன். அப்படித்தான் ஊற்ற வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

அவர் இறந்த பின்பும் அந்தப் பேணி பல மாதங்கள் அங்கேயே துருப்பிடித்துத் தொங்கிற்று. அதை எடுத்து எறியக் கூட எவரும் கை வைக்கவில்லை.

இது என் வீட்டுக்கு மட்டும் உரிய கதையன்று. இந்த நாட்டின் வடக்கிலே தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குக் கண்ணாடிக் குவளையும், இன்னொரு சாராருக்குப் போத்தலும் பேணியும் சிரட்டையும் என்று இருந்த காலம் உண்டு. அதனை எதிர்த்துக் கடைக்குள் சென்று சமமாக அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் கேட்டதற்காகவே 1950களிலும் 1960களிலும் போராட்டங்கள் நடந்தன. அடியும் உதையும் பட்டவர் பலர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், சாதியின் பெயரால் இத்தகைய இடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிற்று. தமிழகத்திலே ‘இரட்டைக் குவளை முறை’ என்று இதற்குப் பெயரே உண்டு. இந்திய அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புரை 1950லேயே தீண்டாமையை ஒழித்தது. எனினும் பின்னரும் நெடுங்காலம் சில ஊர்களில் இரண்டாவது குவளை மறையவில்லை.

இரட்டைக் குவளையின் பொருள் என்ன? குடிப்பதற்கான கருவியையே, குடிப்பவனின் தகுதியைக் காட்டும் சின்னமாக ஆக்குவது. பாத்திரம் என்னும் சொல்லின் இரண்டு பொருள்களும் மிகக் கொடிய முறையில் ஒன்றுசேர்ந்த இடம் அதுதான். ஆபுத்திரன் கலத்தில் விழுந்த கல்லுக்கும் எங்கள் வீட்டு இறவாணத்தில் தொங்கிய பேணிக்கும் இடையே காலம்தான் நீண்டது, வேறுபாடு அதிகமில்லை.

மகளின் விடை

மழை ஓய்ந்திருந்தது. என் மகளுக்குச் சொல்லின் கதையைச் சொன்னேன். ஆபுத்திரன் கதையையும் சொன்னேன். பேணியின் கதையைச் சொல்வதற்குச் சற்றுத் தயங்கினேன். பின்னர் அதையும் சொன்னேன். அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

“அந்தத் தாத்தாவின் பெயர் என்ன அப்பா?” என்று கேட்டாள்.

நாங்கள் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைத்தோம். முதியவர் என்றும் பாராமல், சிறுவனாகிய நானும் அப்படியே அழைத்தேன். அவரைத் தாத்தா என்று எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சொன்னவள் என் மகள்தான்.

கொப்பியிலே அவள் பரீட்சைக்கு வேண்டிய விடையையே எழுதினாள்: ‘தகுதி அறிந்து உதவி செய்ய வேண்டும்.’ மதிப்பெண் அதற்குத்தான் கிடைக்கும். அதன்கீழே ஒரு கோடு விட்டு, ‘பாத்திரம் என்பது முதலில் தண்ணீர் குடிக்கும் கிண்ணம். தாகம் எடுத்த எல்லோருக்கும் அது வேண்டும்’ என்றும் எழுதி வைத்தாள். ஆசிரியன் என்ற முறையில் நான் திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று பகலுணவு முடிந்து பாத்திரங்களைக் கழுவி அடுக்கும்போது, உங்கள் வீட்டுக் கோப்பைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். தோட்டத்தில் புல் வெட்ட வருபவருக்கும், குப்பை எடுக்க வருபவருக்கும் எந்தக் கோப்பை போகிறது? அலுமாரியின் மூலையிலோ கொல்லைப்புறத்து ஆணியிலோ தனியாக ஒன்று இருக்கிறதா? இருந்தால், அதை எடுத்து மற்றவற்றோடு சேர்த்துக் கழுவி, ஒரே வரிசையில் அடுக்கி வையுங்கள். அதற்குக் கையின் வேலை அரை நிமிடந்தான். எங்கள் வீட்டிலே அதைச் செய்து முடிக்க இரண்டு தலைமுறை சென்றது.